விம்மல்: நெஞ்சை நடுக்கும் ஒலியின் வரலாறு

இயற்பியல் வகுப்பில் இசைக்கவைகளைக் கொண்டு செய்து காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. 256 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு கவையையும், 260 ஹெர்ட்ஸ் கொண்ட மற்றொரு கவையையும் ஒரே நேரத்தில் தட்டி மேசை மீது ஊன்றினால், ஒலி சீராக ஒலிப்பதில்லை. வினாடிக்கு நான்கு முறை அது ஓங்கித் தாழ்கின்றது. இரு அலைகளின் முகடுகள் ஒன்று சேரும்போது ஒலி வலுக்கிறது. ஒன்றின் முகடும் மற்றொன்றின் அகடும் சந்திக்கும்போது நலிகிறது. ஆங்கிலேயர் இதற்கு 'அடி' என்னும் பொருள்படும் சொல்லைச் சூட்டினர். தமிழில் பாடநூல் எழுதிய பெரியோர் 'விம்மல்' என்று பெயரிட்டனர். இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் வேறு மொழியில் இருக்குமா என்பது ஐயமே.

சென்ற ஆண்டு இச்சோதனையைச் செய்து காட்டியபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அழுகைக்குச் சொல்லும் சொல்லை இதற்கு ஏன் வைத்தார்கள்?" என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வினாவுக்கு விடை தேடி நான் பதினைந்து ஆண்டுகளாக அலைந்திருக்கிறேன். ஒலி ஏன் மனிதனைக் கலங்க வைக்கிறது? கலக்கம் ஒலியில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா, அல்லது மனத்தில் இருக்கிறதா? இவ்வினாவின் வரலாற்றையே இங்குக் காண்போம்.

திண்டிவனத்தில் ஒரு மாலை

2010ஆம் ஆண்டு. விழுப்புரத்தில் எங்கள் வீடு. நான் எம்.எஸ்ஸி. முதலாண்டு மாணவன். என் தந்தையாருக்கு இதயநோய் கண்டிருந்தது. பரிசோதனை அறையில் அவர் மார்பின் மீது மருத்துவர் ஒரு சிறு கருவியை வைத்தபோது, பெட்டியிலிருந்து 'உஷ், உஷ்' என்று காற்றடிப்பது போன்ற ஓசை எழுந்தது. அது டாப்ளர் முறை. கருவி அனுப்புவது 20 இலட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட மீயொலி. நம் காதுக்கு எட்டாதது. ஆனால் ஓடும் இரத்த அணுக்களில் பட்டு அது திரும்பும்போது அதிர்வெண் சற்று மாறுகிறது. 25 இலட்சம் ஹெர்ட்ஸ் மீயொலியும், வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தமும் என்று கொண்டால், மாற்றம் ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸ். இம்மாற்றத்தை மட்டும் பிரித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அது காதுக்குக் கேட்கும். டாப்ளர் விளைவைத் தேர்வுக்காக நெட்டுருப் போட்டிருந்த நான், அதை என் தந்தையின் நெஞ்சிலிருந்து கேட்டேன். அதுவே முதலும் கடைசியும். அடுத்த மாதம் அவர் காலமானார்.

இறுதிச் சடங்கில் அத்தை ஒப்பாரி வைத்தார். உறவினர் எல்லோரும் அழுதனர். நான் அழவில்லை, பந்தல், பால், வாடகை நாற்காலி என்று ஓடிக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா மகன் என்னைத் திண்டிவனத்தில் உள்ள தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அண்ணன் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்ப்பவர். பழைய இசைத்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் பெரும் பித்து உடையவர். "தம்பி, கொஞ்ச நேரம் எதையும் நினைக்காமல் இதைக் கேள்" என்று சொல்லி, காதொலிப்பானை மாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவர் நல்லெண்ணத்துடன்தான் செய்தார். அந்த இசைத்தொகுப்பு எப்படித் தொடங்குகிறது என்பதை அவர் மறந்திருக்க வேண்டும்.

முதலில் நிசப்தம். பிறகு, மிக மெல்ல, ஓர் இதயத்துடிப்பு. லப்-டப், லப்-டப். அது அறையில் கேட்கவில்லை. என் தலைக்குள் கேட்டது. பின் கடிகார ஓசை, யாரோ பேசும் குரல், சிரிப்பு, ஓர் அலறல். என் கை நடுங்கியது. காதொலிப்பானைக் கழற்ற நினைத்தேன், கழற்றவில்லை. ஏறத்தாழ பதினாறு நிமிடம் கழிந்து ஒரு பெண் குரல் சொற்களே இல்லாமல் பாடத் தொடங்கியது. அப்போதுதான் நான் விம்மி அழுதேன்.

அந்தத் தொகுப்பு, பிங்க் ஃப்ளாய்ட் என்னும் ஆங்கில ராக் இசைக் குழுவினர் 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'. ஆங்கிலப் பாடல்களில் பழக்கமில்லாத விழுப்புரத்து இளைஞன் ஒருவனை அது ஏன் அவ்வாறு உலுக்கிற்று?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் எண்ணிய விம்மல்கள்

இவ்வினாவை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மருத்துவராகத் தொடங்கி இயற்பியலாளராக உயர்ந்தவர் அவர். 1863இல் அவர் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய நூல் இத்துறையின் அடித்தளம் எனலாம். அவர் கூறியது இதுவே: வினாடிக்கு நான்கைந்து விம்மல்கள் இருந்தால் காது அவற்றை எண்ணுகிறது, அது இனிமையாகக்கூட இருக்கும். விம்மல்கள் பெருகப் பெருக எண்ண இயலாமற் போய், ஒலி கரகரப்பாகிறது. வினாடிக்கு 30 முதல் 40 வரை விம்மல்கள் எழும்போது கரகரப்பு உச்சத்தை எட்டுகிறது. மேலும் விலகினால் இரண்டும் தனித்தனிச் சுரங்களாகப் பிரிந்து காது அமைதியடைகிறது.

ஆர்மோனியம் இருப்போர் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒன்றாக அழுத்துக. அவை 262, 277 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால் வேறுபாடு 15. அதே இரு கட்டைகளை ஒரு தாயி மேலே அழுத்தினால் வேறுபாடு 31 ஆகிறது. அந்தக் கரகரப்பு பல்லைக் கூசச் செய்யும்.

இதற்குக் காரணம் உட்செவியில் உள்ள நத்தைக்கூடு. அதனுள் உள்ள மெல்லிய சவ்வின் ஒரு முனை உயர்ந்த சுரங்களுக்கும் மறுமுனை தாழ்ந்த சுரங்களுக்கும் அதிர்கிறது. இச்சவ்வில் அலை ஓடும் விதத்தைக் கண்டறிந்த பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். இரு சுரங்கள் மிக நெருங்கியிருந்தால் சவ்வின் ஒரே பகுதியில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. 1965இல் பிளாம்ப், லெவல்ட் என்னும் இரு டச்சு ஆய்வாளர்கள், அப்பகுதியின் அகலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இடைவெளியில் கரகரப்பு மிகுதியாகிறது எனக் காட்டினர். ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருத்து சில திருத்தங்களுடன் உறுதிப்பட்டது.

இராமன் கேட்ட ஓநாய்

ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலை மாணவப் பருவத்திலேயே படித்து அதில் தோய்ந்தவர் நம் சி. வி. இராமன். 1907 முதல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராகப் பணியாற்றிய அவர், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இசைக்கருவிகளை ஆராய்ந்தார். வயலின் குடும்பக் கருவிகளில், குறிப்பாகச் செல்லோவில், ஒரு குறிப்பிட்ட சுரத்தை வில்லால் இழுக்கும்போது மட்டும் கருவி அடங்க மறுத்து ஊளையிடும். மேனாட்டார் அதை 'ஓநாய்ச் சுரம்' என்பர். 1916இல் இராமன் இதைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டார். கருவியின் மரவுடலுக்கென்று ஓர் இயல் அதிர்வெண் உண்டு. கம்பியின் சுரம் அதனோடு பொருந்தும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு, மரவுடல் கம்பியின் ஆற்றலை விரைந்து உறிஞ்சிக் கொள்கிறது. வில் அதை ஈடுகட்ட முடியாத நிலையில் அதிர்வு தடுமாறி, ஓங்கியும் ஒடுங்கியும் ஒலிக்கிறது. ஆக, ஓநாய் கருவிக்குள் புகுந்த பேயன்று. கம்பிக்கும் உடலுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் ஏற்படும் தகராறு.

1920இல் இராமன் மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் பக்கம் திரும்பினார். வெறும் தோலை இழுத்துக் கட்டினால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்னும் ஒழுங்கற்ற விகிதங்களில் அமையும். காது அதில் சுரத்தைத் தேடித் தோற்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை என்னும் கருப்புப் பூச்சு இவ்விகிதங்களை 1, 2, 3 என்னும் முழு எண்களுக்கு அருகே கொண்டுவருகிறது. எனவேதான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. தோல் ஓசையை இசையாக்கிய இக்கைத்திறன், எந்தச் சூத்திரமும் எழுதப்படுவதற்கு முன்பே நம் கைவினைஞர்களுக்குக் கைவந்திருந்தது.

பம்பையும் உடுக்கையும்

ஆனால் எல்லாத் தோற்கருவிகளும் இனிமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எங்கள் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சிறுவயதில் பாட்டியுடன் அமாவாசை இரவுகளில் சென்றிருக்கிறேன். மாசி மாதம் மயானக்கொள்ளைத் திருவிழாவும் அங்குச் சிறப்பாக நடைபெறும். அங்கு ஒலிக்கும் பம்பையும் உடுக்கையும் கேட்போரை அமைதிப்படுத்த வந்தவை அல்ல. உடுக்கையின் இடையில் உள்ள கயிற்றை விரல்களால் இறுக்கினால் தோலின் இழுவிசை கூடுகிறது. அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் மாறுமாதலால், இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். ஓசை ஒரே இடத்தில் நில்லாமல் கேவுவது போல் வழுக்கிச் செல்கிறது. தாளம் விரைகிறது. கூட்டத்தில் யாருக்கேனும் அருள் வருகிறது. நான் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியிருக்கிறேன்.

கூத்தாண்டவர் திருவிழாவிலும் இதுவே. கூவாகம் ஊர் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்திரை முழுநிலவு இரவில் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர், மறுநாள் அரவான் களப்பலியானதும் வளையல் உடைத்து ஒப்பாரி வைப்பர். அந்த அழுகையைக் கேட்டவர் எளிதில் மறக்க மாட்டார்.

ஆகவே, நெஞ்சை நடுக்கும் ஒலி மேனாட்டு ராக் இசையோடு வந்தது என்று எண்ணுவது பிழை. நம் முன்னோர் அதற்கு ஓர் இடமும் நாளும் ஒதுக்கி, ஊர் கூடி நின்று கேட்டனர். பயந்த சிறுவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சேலை இருந்தது. விடிந்ததும் அனைவரும் வீடு திரும்பினர்.

சாத்தானின் சுரமும் கல்யாணியும்

1970ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இளைஞர் நால்வர் 'பிளாக் சப்பாத்' என்னும் பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். மழை, இடி, கோயில் மணி. அடுத்துக் கித்தாரில் மூன்றே சுரங்கள். அவற்றுள் அச்சமூட்டுவது மூன்று முழுச்சுர இடைவெளி. அதாவது அதிர்வெண் விகிதம் 1.414, இரண்டின் இருமடி மூலம். 3:2 என்பது போன்ற எளிய விகிதம் இங்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய இசை நூலோர் இதனைச் 'சாத்தான்' என்று குறித்தனர்.

இந்தச் சாத்தான் நமக்கு யார் தெரியுமா? ஷட்ஜத்திற்கு மேல் நிற்கும் பிரதி மத்யமம்! 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களில் பிற்பாதி 36இலும் இச்சுரமே வருகிறது. கல்யாணி இராகத்தின் ஒளிக்குக் காரணம் இதுவே. தம்புராவின் ஷட்ஜம் இடையறாது ஒலிக்க, அதன் மேல் பிரதி மத்யமத்தை நிறுத்திப் பாடும்போது அவையில் யாரும் அஞ்சுவதில்லை, தலையசைக்கின்றனர். அதே சுரம் சுபபந்துவராளியில் சோகமாகிறது. இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் உறவை வகுத்த பழந்தமிழர் பகையை விலக்கி வைக்கவில்லை; உறவுகளுள் ஒன்றாகவே எண்ணினர்.

இதை உறுதிப்படுத்தும் ஆய்வு ஒன்று 2016இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஜாஷ் மெக்டெர்மாட் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் பொலிவியா நாட்டுக் காடுகளில் வாழும் சிமானே மக்களிடம் பலவகைச் சுரக் கூட்டுகளை ஒலிக்கச் செய்து கேட்டனர். மேனாட்டார் இனிமை என்பதும் இன்னாமை என்பதும் அம்மக்களுக்கு ஒரே அளவில் பிடித்திருந்தன. ஆயினும் கரகரப்பான ஒலியை அவர்களும் விரும்பவில்லை. எனவே கரகரப்பின் மீதுள்ள வெறுப்பு பெரும்பாலும் காதோடு பிறந்தது எனலாம். இன்ன சுரம் பகை, இன்ன சுரம் நட்பு என்பது வளர்ந்த ஊரிலிருந்து வருவது.

ஏன் கரகரப்பு நம்மை உலுக்குகிறது? 2015இல் லூக் ஆர்னல் என்பவரும் அவர்தம் துணைவரும் மனித அலறலை ஆராய்ந்தனர். வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறியிறங்கும் கரகரப்பு, சாதாரணப் பேச்சில் பெரிதும் இல்லாமல் அலறலில் மிகுதியாக இருப்பதைக் கண்டனர். அத்தகைய ஒலி, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியைத் தூண்டுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசைக்கவைகளில் எண்ணிய அதே 30, குழந்தையின் வீறிடலில் காத்திருக்கிறது.

நிலவின் மறுபக்கம்

இப்போது என்னை அழவைத்த தொகுப்புக்குத் திரும்புவோம். 1972 மே முதல் 1973 பிப்ரவரி வரை இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அது உருவாயிற்று. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். அதில் கேட்கும் கடிகாரங்களை அவர் பழம்பொருள் கடையொன்றில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து பின்னர் ஒன்று சேர்த்தார். குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சிட் பாரெட் மனநலம் குன்றி 1968இல் விலக நேர்ந்தது. அந்த இழப்பின் நிழல் இத்தொகுப்பில் படிந்துள்ளது. காலம், பணம், மரணம், சித்தம் கலங்குதல் ஆகியவையே இதன் பொருள்கள். இதில் சாத்தானும் இல்லை, பேயும் இல்லை.

உறையில் உள்ள முப்பட்டகப் படத்தைப் பலரும் கண்டிருப்பர். அதில் ஆறு நிறங்களே உள, கருநீலம் இல்லை. தலைப்பும் வானியல்படி சரியன்று. நிலவுக்கு நிலையான இருண்ட பக்கம் கிடையாது. நமக்குத் தெரியாத பக்கத்திலும் வெயில் அடிக்கிறது. 1959இல் சோவியத் நாட்டின் லூனா-3 அதைப் படம் பிடித்தது.

அது என் தலைக்குள் ஒலித்தது ஏன்? ஒலி வரும் திசையை நாம் இரு காதுகளைக் கொண்டு அறிகிறோம். வலப்புற ஒலி இடக்காதை அடைய வினாடியில் ஏறத்தாழ 1,500இல் ஒரு பங்கு தாமதமாகிறது. இது போன்ற சிறு வேறுபாடுகளை வைத்து மூளை கணக்கிடுகிறது. இருவழி ஒலிப்பதிவுக்கு இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காதில் மாட்டிய கருவியில் இரு பக்கமும் ஒரே ஒலி ஒரே கணத்தில் வந்தால், மூளைக்குத் திசை கிடைப்பதில்லை. ஒலியைத் தலையின் நடுவில் வைத்துவிடுகிறது. அங்கிருந்து கேட்கும் துடிப்பு தன்னுடையது போலவே தோன்றும்.

மேலும் ஒரு செய்தி. அது இதயத்துடிப்பே அன்று! மருத்துவமனைப் பதிவுகளைப் பயன்படுத்த முயன்று, அவை மிகுந்த பதற்றம் தந்தமையால் கைவிட்டு, திண்டு வைத்த பெருமுரசை மென்மையான கோலால் தட்டிப் பதிவு செய்ததாக முரசு இசைத்த நிக் மேசன் பின்னர் எழுதினார். வேகமும் நிமிடத்திற்கு 72 என்னும் இயல்பைவிடக் குறைவு. உண்மை இதயத்தைவிட ஒரு தோற்கருவி உண்மையாக ஒலித்தது. இதைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கேட்டது என் தந்தையின் இதயத்தை அன்று, யாருடைய இதயத்தையும் அன்று. முரசு கால் பங்கு தந்தது. மீதி முக்கால் பங்கை நான்தான் தந்திருக்கிறேன்.

சொற்களின்றிப் பாடிய பெண் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரே மாலைக்காக அழைக்கப்பட்டவர். மரணத்தைப் பற்றிய இசை என்று மட்டும் சொல்லி, பாட்டு வரி எதுவும் தராமல் பாடச் சொன்னார்கள். பாடி முடித்ததும் நன்றாக அமையவில்லையோ என்று கூசி நின்றாராம். கூலி 30 பவுன். 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் உடன்பாடு ஏற்பட்டு, இணைப் படைப்பாளராக அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் குரல் முதலில் ஓங்கி, பின் கரகரத்து, இறுதியில் தேய்கிறது. ஒப்பாரியின் முடிவில் அத்தைக்குச் சொற்கள் தீர்ந்துபோய்க் குரல் மட்டும் மிஞ்சியதே, அதே போல. ஒப்பாரியை அறியாத இலண்டன் பெண்ணும், இலண்டனை அறியாத என் அத்தையும் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தனர்.

மாணவிக்கு விடை

கலக்கம் எங்கே இருக்கிறது? ஒரு பகுதி ஒலியில் இருக்கிறது. அதை ஹெர்ட்ஸில் அளக்கலாம். ஒரு பகுதி காதில் இருக்கிறது. அது எல்லா மனிதருக்கும் பொது. ஒரு பகுதி நாம் வளர்ந்த ஊரில் இருக்கிறது. எனவேதான் ஒருவர் சாத்தான் மற்றவர்க்குக் கல்யாணி. எஞ்சியது அவரவர் வாழ்வில் இருக்கிறது. அதற்கு அளவுகோல் இல்லை. ஓநாய்ச் சுரத்தைப் பற்றி இராமன் சொன்னதை நினைவுகொள்க. வெளியிலிருந்து வரும் அதிர்வு உடலின் இயல் அதிர்வோடு பொருந்தும்போதே கருவி ஊளையிடுகிறது. பதினாறு நாட்களாக அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்றோடு அன்று ஒரு முரசின் ஓசை பொருந்திற்று. இது உவமைதான், இயற்பியல் அன்று. ஆயினும் எனக்கு உதவிய உவமை.

அன்று அண்ணன் கடையிலிருந்து திரும்பி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். அதன் பின் பல ஆண்டுகள் அத்தொகுப்பை நான் தொடவில்லை. இப்போது வாரம் ஒருமுறையேனும் கேட்கிறேன். அது 43 நிமிடம் ஓடக்கூடியது. விழுப்புரத்தில் பேருந்து ஏறும்போது தொடங்கினால், திண்டிவனத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர் முடிந்துவிடும். தொடக்கத்தில் கேட்ட அதே துடிப்பு இறுதியிலும் வந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து நிற்கிறது. இப்போது என் கை நடுங்குவதில்லை.

அந்த மாணவியிடம் அன்று, "விம்மல் என்பது இரண்டு அதிர்வுகள் ஏறத்தாழ ஒத்து, முற்றும் ஒவ்வாதபோது எழுவது. அழுகையும் பெரும்பாலும் அப்படித்தான்" என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் சொல்லி வைத்தேன்.